கும்புக்கன் ஆறு வற்றுகிற மாதம்

வைகாசி கழியுமுன்னே எங்கள் பக்கத்து, அதாவது இலங்கையின் கிழக்குக்கரை, முகநூலில் கதிர்காமப் பாதயாத்திரை பற்றி ஒரே கேள்விதான் ஓடும்: "இந்த முறை காட்டுப்பாதை எப்ப திறக்கிறாங்களாம்?" அதற்குப் பின்னால் சண்டை. பாதை திறந்திருக்கிற நாளைக் குறைத்துவிட்டார்கள், நம்முடைய சமயத்தை மதிக்கவில்லை என்று ஒரு கூட்டம். யாத்திரைக்காரர் காட்டை நாறடிக்கிறார்கள், அடியோடு நிறுத்தவேண்டும் என்று இன்னொரு கூட்டம். நானும் இரண்டு வருடம் முதல் கூட்டத்தில் நின்று கத்தியவன்தான். இப்போது பார்த்தால், ரெண்டு பக்கமும் ஆற்றை ஒருதரம் எட்டிப் பார்க்காமலே சண்டை பிடிக்கிறது.

ஆறு என்றால் கும்புக்கன் ஆறு. நடந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி, வாகூரவட்டை தாண்டி, கூமுனையும் (சிங்களத்தில் குமண) கடந்தால் காலுக்குக் கீழே மண் மாறும். மணல். பிறகு மருதமர நிழல். கும்புக் என்றால் சிங்களத்தில் மருதுதான்; வேரை ஆற்றுக்குள் தொங்கவிட்டு நிற்கிற அந்தக் கிழட்டு மரங்களைப் பார்த்தால் ஆற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளங்கும். இக்கரை அம்பாறை, அக்கரை மொனராகலை. இக்கரை கிழக்கு மாகாணம், அக்கரை ஊவா. இக்கரை குமண பூங்கா, அக்கரை யால. பழைய ஆட்கள் மட்டக்களப்புத் தேசத்துக்கு எல்லை சொன்னால் வடக்கே வெருகல், தெற்கே கூமுனை. அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1961இல். ஆனாலும் காரைதீவில் இருந்துகொண்டு என் அம்மம்மா சாகும்வரைக்கும் "மட்டக்களப்பு கும்புக்கனோட முடியுது மனே" என்றுதான் சொன்னா.

நான் முதன்முதல் போனது 2013இல், அம்மாவோடும் சின்னம்மாவோடும். ஆற்றங்கரைக்கு வந்து சேர மத்தியானம். தாகத்தில் அப்படியே குனிந்து ஆற்றுத் தண்ணீரை அள்ளப் போனேன். எங்கள் குழுவில் வந்த தம்பிலுவில் ஆச்சி ஒருவர் கையைத் தட்டிவிட்டா. "அத விடு சாமி. இஞ்ச வா." தண்ணீர் ஓரத்திலிருந்து நாலு முழம் தள்ளி மணலில் குந்தினா. மடியிலிருந்து சிரட்டையை எடுத்து ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டினா. கலங்கல் தண்ணீர் ஊறியது. இறைத்து வெளியே ஊற்றினா. மறுகா ஊறியது, மறுகா இறைத்தா. நாலாம் தரம் வந்தது கண்ணாடி மாதிரி. மணலின் அடிப்பகுதி தெரிந்தது. "இப்பக் குடி." அந்தக் குளிர்ச்சி இன்றைக்கும் பல்லில் இருக்கிறது.

அந்த ஊற்றிலிருந்து பத்தடி தூரத்தில் ஷாம்பூ பக்கற்றுகள், லஞ்ச் சீற், யோகட் கப். அதையும் சொல்லத்தான் வேண்டும். அரோகரா சொன்ன வாயாலேயே சொல்கிறேன், போட்டவர்கள் நாங்கள்தான்.

இனி நான் சொல்ல வந்த விசயம். இந்த ஆற்றிலிருந்து அரை மைல் நீளத்தில் ஒடுக்கமான ஒரு வாய்க்கால் கூமுனை வில்லுக்குப் போகிறது. வில்லு என்றால் ஆழமில்லாத நீர்நிலை; இது கிட்டத்தட்ட 200 ஹெக்டேர். கிண்ணை மரமும் சம்புப் புல்லும் மண்டிக் கிடக்கும், சிலநேரம் கடல் தண்ணீரும் ஏறும். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது இங்கேதான். 1938இலேயே இதைப் பறவைச் சரணாலயம் ஆக்கினார்கள். 1970இல் யால கிழக்குப் பூங்கா, 2006இல் குமண என்று பெயர் மாற்றம், 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியல். பட்டியலுக்கும் பெயருக்கும் குறைச்சல் இல்லை.

பறவை ஏன் அந்த மாதங்களில் கூடு கட்டுகிறது? மாரி மழை ஓய்ந்து தண்ணீர் இறங்க இறங்க, மீன் குட்டைகளில் ஒதுங்கும். நாரைக்கு அது பந்தி. நாங்கள் ஏன் அந்த மாதங்களில் ஆற்றைக் கடக்கிறோம்? கதிர்காமக் கொடியேற்றம் ஒரு காரணம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருக்கும் என்பது மற்றக் காரணம். மார்கழியில் போய் அந்த ஆற்றில் இறங்கிப் பாருங்கள், தெரியும். ஆக, எங்களையும் நாரையையும் ஒரே கிழமையில் அங்கே கூப்பிடுவது ஆறு வற்றுகிற அந்த வற்றுத்தான். "முருகன் பெரிசா, கொக்குப் பெரிசா" என்று கொமெண்டில் கேட்கப்போகிற அண்ணன்மார் கொஞ்சம் பொறுங்கள். முருகனுடைய வாகனமும் பறவைதான்.

இதை விளங்கிக்கொண்டால் நாளைக் குறைப்பது ஏன் மடத்தனம் என்றும் விளங்கும். முந்தி பத்துப் பேர், இருபது பேர் என்று குழுக் குழுவாக, தங்கள் பாட்டுக்கு, முன்னும் பின்னுமாக நடந்த பாதை இது. ஒரு குழு எழும்பிப் போய் அடுத்தது வருவதற்குள் மணல் ஆறிவிடும். இப்போது இரண்டு கிழமை அளவில் கேற்றைத் திறந்தால், அத்தனை ஆயிரம் பேரும் அதே கரையில், அதே நிழலில், அதே மணலில். குளிப்பு, சமையல், மலசலம் எல்லாம் ஒரு இடத்தில். யானைக்குத் தண்ணீருக்கு வர வழியில்லை. (எங்கள் குழுவில் காட்டுக்குள் யானை என்று சொல்வதில்லை, பிள்ளையார்தான். பிள்ளையாருக்கே வழி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) நாளைக் கூட்டுங்கள், ஒரு நாளைக்கு விடுகிற ஆளைக் குறையுங்கள், குழுவாகப் பதிந்து விடுங்கள். யாத்திரைக்காரன் இதைச் சொன்னால் தன் பக்கம் இழுக்கிறான் என்பார்கள். இழுக்கிறேன்தான். ஆளை எண்ணி விட்டால் எனக்கே ஒரு வருடம் இடம் கிடைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று மேலே கிடக்கிறது. கும்புக்கன் 116 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு. அதில் எங்கள் பக்கத்துக் கரை கடைசித் துண்டுதான். மிச்சமெல்லாம் ஊவா. ஒக்கம்பிட்டியப் பக்கம் மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டுவது ஊரறிந்த கதை. மொனராகலைப் பக்கம் இதே ஆற்றில் நீர்த்தேக்கம் கட்டுகிற திட்டமும் உண்டு. அங்கே உள்ள விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது; வயல்காரன் வீட்டுப் பிள்ளை நான். ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீரைக் கீழே விடுவார்கள் என்று கேட்க இந்தக் கரையில் யார் இருக்கிறார்கள்? வற்ற வேண்டிய மாதத்தில் திறந்துவிட்டால் வில்லில் மீன் ஒதுங்காது. நிரம்ப வேண்டிய மாதத்தில் மறித்தால் வாய்க்காலில் தண்ணீரே ஏறாது. ஆறு எல்லையாக இருப்பதில் உள்ள கரைச்சல் இதுதான்: ஊவா மாகாணத்துக்கு அது வால், எங்கள் மாகாணத்துக்கு அது வேலி. ஒருவருக்கும் அது ஆறாகத் தெரிவதில்லை.

கேற் எப்ப திறக்கும் என்று ஐந்நூறு கொமெண்ட் போடுகிற நாங்கள், தண்ணீரைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறோமா? நானும் எழுதவில்லை. எங்கள் குழுவின் பெயரில், தமிழிலும் சிங்களத்திலும், இந்த முறை ஒன்று எழுதுகிறோம். சிங்களத்தில் எழுதித் தருவதாக பாணமையில் ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தமிழும் சிங்களமும் ஒரே அடுப்பங்கரையில் புழங்குகிற ஊர் அது, அவருக்கு இந்த ஆற்றைப் பற்றி நான் விளக்கத் தேவைப்படவில்லை.

கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். எங்களோடு நடக்க வருகிறவர்களுக்கு: ஷாம்பூ, சவர்க்காரம், லஞ்ச் சீற் வேண்டாம். ஆளுக்கொரு சிரட்டை கொண்டுவாருங்கள். ஓட்டைச் சிரட்டை இல்லை.