ஸ்நார்க்கல் வெறும் சுமையா?
ஸ்நார்க்கல் என்பது முகத்தை நீருக்குள் வைத்தபடியே மேலிருக்கும் காற்றை இழுக்க உதவும் குழாய். ஒருவர், "பிசிடி சட்டையில் காற்றை ஏற்றினால் மிதக்கலாம், ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் மூழ்குவது) போகிறவருக்கு ஸ்நார்க்கல் வெறும் சுமை" என்கிறார். பாதிதான் சரி. பிசிடி மிதக்க வைக்கும். முகத்தில் அடிக்கும் அலையைத் தடுக்காது. சிங்கப்பூரின் பூலாவ் ஹந்து தீவருகே நீருக்கு மேலே வந்தபின் நீரோட்டம் படகை விட்டுத் தள்ளிக்கொண்டு போகிறது, சிலிண்டரிலும் காற்று தீரப்போகிறது என்றால் எதில் மூச்சு விடுவீர்கள்? முக்குளிப்பு கற்றுத்தரும் 'பாடி' (PADI) அமைப்பின் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கப் பயிற்சியில், ஸ்நார்க்கலுக்கும் சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டருக்கும் மாறி மாறி மூச்சுவிடச் சொல்லித்தருவது சும்மா இல்லை.

ஆனால் எப்போதும் முகமூடியிலேயே மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. நீரோட்டத்தில் அது முகமூடியைப் பிடித்து இழுக்கும், பெரிய எரிச்சல். குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ போகிறவர்கள், எதிலாவது சிக்கும் என்று அதைத் தவிர்ப்பது நியாயம்தான். மற்றவர்கள் மடித்துப் பையில் வைக்கிற ரகத்தை வாங்கிக்கொள்ளலாம். மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போனாலும் அதுவே போதும்.