வேலை இழந்தோர் உதவித்தொகை: அது யார் பணம்?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ஏற்றுமதி சரிந்து வேலை இழந்தோருக்குத் தரும் உதவித்தொகை அரசாங்க பட்ஜெட்டை விழுங்குகிறதாம், வரிப்பணம் வீணாகிறதாம்.

இது தவறு. 2018இல் நடப்புக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்ட நிதியிலிருந்துதான் அந்தத் தொகை வருகிறது. நடத்துவது மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. 2,000 வெள்ளிச் சம்பளத்தில் உங்கள் பங்கு ஏறக்குறைய 4 வெள்ளி. மாதாமாதம் நீங்கள் கட்டிய பணம் அது. யாரும் போடும் பிச்சை அல்ல. இந்தச் செய்தியை நம்பிக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்களை நினைத்தால்தான் மனம் வலிக்கிறது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தத் திட்டத்துக்கான சட்டம் 800இலும் சொக்சோ இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.