ஆதியைத் திட்டிய நேரத்தில் பாஸ்கரைக் கவனித்திருக்கலாம்

அக்கா படியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டு. அரவேணுவில் அவள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 26 படி இறங்க வேண்டும், இந்த மழையில் அது நடக்கிற காரியம் இல்லை, அதனால் கோத்தகிரியில் என் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவும் இங்கேதான். பொழுது போகணுமே என்று என் மனைவி யூடியூபில் விகடன் சேனலைத் தேடி, 2003ல் சன் டிவியில் ஆரம்பித்த 'கோலங்கள்' சீரியலின் முதல் எபிசோடைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அன்று ஆரம்பித்த வினை, மூன்று வாரமாக எங்கள் வீட்டில் 2003தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மொத்தம் 1533 எபிசோட். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று கணக்குப் போட்டாலும் 500 மணி நேரத்துக்கு மேல், அதாவது ராத்திரி பகல் தூங்காமல் பார்த்தால் 21 நாள். அன்றைக்கு 6 வருஷமாக இதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தோம், தெரியவில்லை. இப்போது ஒரே மூச்சில் பார்த்தால் ஒருத்தர் திரும்பிப் பார்ப்பதற்கு மூன்று பக்கத்திலிருந்து கேமரா பாய்ந்து வருவதைச் சகிக்க முடியவில்லை, வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்துத்தான் பார்க்கிறோம். அப்படி வைத்தால் கதாநாயகி அபியாக வரும் தேவயானி அழுவதுகூடக் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் கோலங்கள் பார்த்த எல்லோருக்கும் வில்லன் யார் என்று கேட்டால் ஒரே பதில், ஆதி. அபியின் அப்பா ஈஸ்வரன் மனைவி கற்பகத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்கிறார், அந்தக் குடும்பத்துப் பையன்தான் ஆதித்யா. ஆதியாக நடித்த அஜய் கபூர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நிற்பார். எங்கள் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், மொத்தம் மூன்று வீட்டில்தான் அப்போது டிவி, ஒன்பது மணிக்கு ஒரு வீட்டுக்குள் பதினைந்து பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆதி வந்தால் போதும், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் அவனைத் திட்டுகிற திட்டில் குளிரே விட்டுப்போகும். கங்காணியைத் திட்ட முடியாத வாய், ஆதியைத் திட்டியது.

இப்போது பார்த்தால் ஆதியைப் பார்த்துச் சிரிப்புதான் வருகிறது. கோட்டு, கார், கத்தல், சவால். இவ்வளவு வயதில் அப்படி ஒரு ஆளை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பாஸ்கர்? அபியின் புருஷன் பாஸ்கர் மாதிரி முப்பது பேரையாவது எனக்குத் தெரியும், அதில் நான்கைந்து பேர் இந்தப் பதிவையும் படிப்பார்கள். மனைவி சம்பாதிக்கணும், சம்பளம் தன் கைக்கு வரணும், அவள் தன் அம்மா வீட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் கணக்குக் கேட்கணும், ஆனால் வெளியே போனால் 'என் வொய்ஃப் வேலைக்குப் போகணும்னு எனக்கு அவசியமே இல்லை' என்று சொல்லணும். பாஸ்கராக நடித்த அபிஷேக் இதைக் கத்தாமல் செய்வார். சாப்பிட்டுக்கொண்டே, சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பார். 15 வயதில் எனக்கு அவன் ஒரு சப்பை கேரக்டர், ஆதி வரும்வரை நேரத்தைக் கடத்துகிறவன். இன்றைக்கு அவன் வருகிற காட்சியில்தான் அடிவயிறு கலங்குகிறது.

இயக்குநர் திருச்செல்வத்துக்கும் இது பிறகு உறைத்ததோ என்று எனக்குச் சந்தேகம். 2022ல் அவரே எடுத்த 'எதிர்நீச்சல்' சீரியலைப் பாருங்கள். அதிலும் வில்லன் பெயர் ஆதிதான், ஆதி குணசேகரன். ஆனால் இந்த ஆதி ஆபீஸில் இல்லை, வீட்டுக்குள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறான், வேட்டி கட்டியிருக்கிறான், அவன் சொல்லாமல் வீட்டுப் பெண்கள் வாசல் தாண்ட முடியாது. அவனாக நடித்த மாரிமுத்து 2023ல் இறந்தபோது சொந்தக்காரர் போய்விட்ட மாதிரி வருத்தப்பட்டோமே, ஏன்? நம் வீட்டுப் பெரியப்பாவை அச்சு அசலாகக் காட்டியதால்தானே.

அப்புறம் கற்பகம். இங்கேதான் எனக்குச் சிக்கல்.

அன்றைக்குக் கற்பகம் எங்களுக்குத் தெய்வம். புருஷன் கைவிட்ட பெண், சத்யப்ரியா கண் கலங்கினால் லைனே கலங்கும். இப்போது பார்க்கையில், அந்த வீட்டில் அபி சம்பாதிக்கிறாள், மற்ற எல்லோரும் அவள் மேல் சாய்ந்திருக்கிறார்கள், அவளுக்கு என்று ஒரு வாழ்க்கை வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய முதல் ஆள் அம்மா. கற்பகம் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் கண்ணீருக்கு எப்போதும் அபிதான் செலவு செய்கிறாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமலே, "அந்தப் பொம்பளை வேற என்ன பண்ணுவா? புள்ளைகள கெணத்துல தள்ளுவாளா?" என்றது.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவே, "அந்த ஈஸ்வரனாச்சும் பணக்காரன். நம்ம ஆளு போனதுல ஒரு பைசா மிச்சமில்ல" என்று சொல்லிச் சிரித்தது.

எங்கள் அப்பாவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கூடலூர்ப் பக்கம் வேலைக்கு என்று போனவர், போனவர்தான். அம்மா கொழுந்து பறித்தது. அக்கா பன்னிரண்டாவது முடித்த கையோடு தேயிலை ஃபேக்டரியில் சலிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்தால் முதலில் தேயிலை வாசனைதான் வரும், அப்புறம்தான் அவள். தலைவகிட்டில் தூள், இமையில் தூள், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பழுப்பு. சம்பளத்தன்று கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைப்பாள், அம்மா இரண்டு தடவை எண்ணிவிட்டு அவளுக்குப் பஸ் காசு எடுத்துக் கொடுக்கும். நானும் இன்னொரு அக்காவும் அந்தக் கவரில்தான் படித்தோம்.

2007ல் குன்னூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்குள் எங்கள் வீட்டுக்கும் அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வந்திருந்தது, அதன் மேல் ஒரு துண்டு விரித்து மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தோம். கேசரி, பஜ்ஜி, டீ. மாப்பிள்ளை கண்ணாடி போட்டவர், அதிகம் பேசவில்லை, போகும்போது அக்காவிடம் 'வர்றேங்க' என்று தனியாகச் சொன்னார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, தை மாதமே முடித்துவிடலாம் என்றார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்து அம்மா சொன்னது, "ரொம்ப அவசரப்படுறாங்க. தம்பி படிப்பு முடியட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

தம்பி நான்தான். பி.காம் இரண்டாம் வருஷம், வயது 19. ஊட்டிக்குப் பஸ் பாஸ், ஃபீஸ், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் அந்தக் கவரிலிருந்து. 'இல்லம்மா, முடிச்சிடலாம்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருக்குமா தெரியாது. ஆனால் நான் செய்தது இதுதான், மணி ஒன்பது ஆகிவிட்டது என்று எழுந்து போய், அந்தத் துண்டை எடுத்துவிட்டு டிவியைப் போட்டேன். திரையில் ஆதி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். 'நாசமாப் போறவன், அந்தப் புள்ள வாழ்க்கையக் கெடுக்கவே பொறந்திருக்கான்' என்று அம்மா அவனைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். அக்கா உள்ளே பஜ்ஜிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆனது 2014ல், 34 வயதில். அத்தான் நல்ல மனுஷன், அதில் குறையில்லை.

நாங்கள் யாருமே கோலங்கள் முடிவைப் பார்க்கவில்லை என்பது இன்னொரு கூத்து. 2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர், ஊர் ஊராக மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், மேட்டுப்பாளையம் குன்னூர் ரயில் பாதையே பல இடத்தில் அறுந்து கிடந்தது. எங்கள் லைனில் கரண்ட் வரவே பல நாள், அது வந்த பிறகும் கேபிள் வரவில்லை. டிசம்பர் 4 அன்று சீரியல் முடிந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் ஒரு அக்கா ஒரு முடிவு சொன்னார், அவருக்குப் பின்னால் நின்றவர் அடித்துச் சொன்னது வேறு முடிவு. 6 வருஷம் பார்த்த கதைக்கு இன்றுவரை எங்களுக்கு முடிவு தெரியாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், நாங்கள் இன்னும் முந்நூறைத்தான் தாண்டியிருக்கிறோம்.

அபியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் பொறுமை இப்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது, 'வாயைத் திறந்து கேளேன்' என்று போனைப் பார்த்துக் கத்துகிறேன். என் மனைவி, "ஆம்பளைங்களுக்கு எல்லாம் இப்பத்தான் வீரம் வருது" என்கிறாள். அதுவும் சரிதான். கேட்காமல் இருந்ததால்தானே அவளை நமக்குப் பிடித்தது. கேட்டிருந்தால் அதே பதினைந்து பேரும் போர்வைக்குள்ளிருந்து 'வாய்க்காரி' என்றிருப்போம்.

அக்காவுக்கு அபியைப் பிடிக்கவில்லையாம், அப்போதும் பிடிக்காதாம். இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது. அவளுக்கு உஷாவைத்தான் பிடிக்கும், அபியின் தோழி, தீபா வெங்கட் நடித்தது. இன்றைக்கு நயன்தாராவுக்குக் குரல் கொடுக்கிறாரே, அவரேதான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நயன்தாராவே வந்து அபிக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி இருக்கும். ஏன் உஷா என்று கேட்டேன். "ஃபேக்டரியில எனக்கு அந்த மாதிரி ஒருத்தி இருந்தா" என்றாள். யார் என்று நான் கேட்டதற்கு, "உனக்குத் தெரியாது, நீ சின்னப் பையன்" என்று முடித்துவிட்டாள்.

நேற்று ராத்திரி அம்மா தூங்கிய பிறகு, ஒரு எபிசோட் முடிந்து அடுத்தது சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டேவிட்டேன். அக்கா, குன்னூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா?

"கண்ணாடிக்காரரா?" என்றாள் உடனே.

ஆமா என்றேன். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "டேய், சத்தத்தைக் கூட்டு, உஷா வந்துட்டா."