என் பொண்ணு வாயில என் "பரவால்ல"

போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம், ஏழு நாளா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. எழுதிட்டா கொஞ்சம் பாரம் இறங்கும்னு எழுதறேன், நீளமா போகும், நேரம் இருக்கறவங்க படிங்க.

என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவ ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்திருந்தா, ரெண்டும் தரையில குப்புறப் படுத்து கலர் பண்ணிட்டு இருந்துதுங்க. வந்த குழந்தையோட முழங்கை பட்டு என் பொண்ணோட நீலக் கலர் க்ரேயான் ரெண்டா உடைஞ்சிடுச்சு. மத்த கலரெல்லாம் டப்பாவுல கிடக்கும், அந்த ஒண்ணு மட்டும் அவ தலகாணிக்கு அடியில தூங்கும், அவ்ளோ பிடிக்கும் அவளுக்கு. உடைஞ்சத கையில எடுத்துப் பாத்தா. கீழ் உதடு துடிக்குது, கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா வாய் சிரிக்குது. சிரிச்சுக்கிட்டே "பரவால்ல பரவால்ல, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னா.

ரெண்டு தடவ சொன்னா பாருங்க, அந்த ரெண்டாவது பரவால்லயில லேசா ஒரு இழுப்பு இருந்துச்சு. அது என் குரல். நான் சொல்றது அப்படியே, அந்த சிரிப்பு கூட என்னோடது. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு.

அவ வயித்துல இருக்கும்போதே ஒரு நோட்டு வாங்கி வெச்சிருந்தேன், இவளுக்கு நான் என்னென்ன சொல்லிக் கொடுக்கணும்னு தோணும்போதெல்லாம் எழுதுவேன். தைரியமா இரு, யாரையும் சார்ந்து இருக்காத, உனக்கு எது சரின்னு படுதோ அத செய், இப்படி பக்கம் பக்கமா இருக்கு. நல்ல நல்ல வரிங்க. அதுல ஒண்ணு கூட அவ என்கிட்ட இருந்து எடுத்துக்கல. நான் நாள் பூரா என்னையும் அறியாம சொல்லிட்டு இருக்கற அந்த ஒத்த வார்த்தைய எடுத்துக்கிட்டா.

எண்ணிப் பாத்தேன் நான் எங்கெல்லாம் அத சொல்றேன்னு. ஆபீஸ்ல நான் பேசிட்டு இருக்கும்போது நடுவுல ஒருத்தர் பூந்து பேசுவாரு, சாரி நீங்க சொல்லுங்கன்னுவாரு, பரவால்ல சார் நீங்க முடிங்க. சொந்தத்துல ஒருத்தங்க எல்லார் முன்னாடியும் ரொம்ப குண்டாயிட்டியேம்பாங்க, சிரிச்சுட்டு பரவால்லக்கா. காய்ச்சல் அடிக்கும், வீட்டுக்காரர் நான் பாத்துக்கறேன் நீ படும்பார், பரவால்ல நானே முடிச்சிடறேன். எங்கம்மாவும் இதேதான். அவங்க வாயில இருந்து எனக்கு வேணும்னு ஒரு வார்த்த வந்து நான் கேட்டதே இல்ல.

இதுல ஒரு விஷயம் எனக்கு எப்பவுமே ஆச்சரியம். பொண்ணு குழந்த பொறக்கும்போதே அவளோட கருமுட்டைங்க எல்லாம், பத்துல இருந்து இருவது லட்சம் வரைக்கும், அவ உடம்புக்குள்ள இருக்கும், அதுவும் வயித்துக்குள்ள இருக்கும்போதே உருவாயிடும். அப்போ நான் எங்கம்மா வயித்துல இருந்தப்பவே என் பொண்ணா ஆகப்போற அந்த ஒரு முட்ட எனக்குள்ள இருந்திருக்கு. மூணு பேரும் ஒரே உடம்புல கொஞ்ச நாள் இருந்திருக்கோம். பரவால்லங்கறது ரத்தத்துல வருதுன்னு நான் சொல்ல வரல, அது பழக்கம், பாத்து பாத்து வர்றது. அதனாலதான் எங்கயாவது ஒரு எடத்துல நிறுத்த முடியும்னு நம்பறேன், அந்த எடம் நானா இருக்கணும்னு ஆசப்படறேன்.

தப்பா எடுத்துக்காதீங்க, பரவால்லங்கறது கெட்ட வார்த்த இல்ல. மனசார சொன்னா அதவிட அழகான வார்த்த கிடையாது. தெரியாம கால மிதிச்சவங்க பதறும்போது அத சொல்றது பெரிய மனசு, அந்த மனசு அவளுக்கு வேணும். நான் சொல்றது பொய்யான பரவால்ல. உள்ள வலிக்குது, ஆனா எதிர்ல இருக்கறவங்களுக்கு சங்கடமா இருக்கக்கூடாதேன்னு நம்ம வலிய முழுங்கிட்டு சொல்றோமே, அது. அன்னிக்கு ராத்திரி அவகிட்ட கேட்டேன், க்ரேயான் உடைஞ்சப்ப எப்படிடா இருந்துச்சுன்னு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் போர்வைக்குள்ள இருந்து, "அழுதா அவ வருத்தப்படுவால்ல"ன்னா. ஆறு வயசு. அடுத்தவங்க வருத்தத்துக்கு இவ காவல் நிக்கறா.

"வருத்தப்பட்டா பட்டுட்டு போகட்டும்டா, அவ தாங்குவா, நீ 'எனக்கு கஷ்டமா இருக்கு, அது எனக்கு ரொம்ப பிடிச்சது'ன்னு சொல்லலாம், சொன்னதுக்கு அப்புறமும் அவ உன் ஃப்ரெண்டுதான்"ன்னு சொன்னேன். நெஜமாவா அம்மான்னு கேட்டா பாருங்க, அந்த நெஜமாவாவுக்கு எனக்கு முப்பது வயசுக்கு மேல ஆகியும் யாரும் பதில் சொல்லல.

உடம்பு விஷயத்துல இது இன்னும் முக்கியம். வீட்டுக்கு யாராவது வந்தா மாமாவுக்கு முத்தம் குடு, பெரியம்மாவ கட்டிப்புடின்னு தள்ளி விடறோம். குழந்த பின்னாடி ஒளியும், நாம இழுத்து விடுவோம், வந்தவங்க மனசு கோணக்கூடாதேன்னு. அந்த நிமிஷம் அது என்ன கத்துக்குது? என் உடம்பு வேணாம்னு சொல்லும், ஆனா பெரியவங்க ஆசப்பட்டா நான் குடுத்துதான் ஆகணும்னு கத்துக்குது. பின்னாடி என்னிக்காவது ஒருத்தன் தப்பா தொட்டா வேணாம்னு கத்துன்னு சொல்லிக் குடுக்கறோமே, நாமதான் அந்த வேணாமுக்கு மதிப்பே இல்லன்னு முன்னாடியே காட்டிட்டோமே. எங்க வீட்ல இப்போ யாரா இருந்தாலும் குழந்தைகிட்ட கேட்டுட்டுதான் தூக்கணும். கை ஆட்டினாலும் போதும், கும்பிட்டாலும் போதும், மரியாத அதுலயே இருக்கு. ரெண்டு பேரு முகம் சுளிச்சாங்க, சுளிக்கட்டும். 1989ல ஐநா சபை ஏத்துக்கிட்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 12வது பிரிவே இதுதான், தன்னப் பாதிக்கற விஷயத்துல தன் கருத்த சொல்ல குழந்தைக்கு உரிமை இருக்கு, அதோட வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்த மாதிரி அதுக்கு மதிப்பு குடுக்கணும்னு. உலகத்துல கிட்டத்தட்ட எல்லா நாடும் ஒத்துக்கிட்ட விஷயத்த நம்ம ஹால்ல ஒத்துக்க மாட்டேங்கறோம்.

கூடவே இன்னொண்ணு, உடம்போட எல்லா பாகத்துக்கும் அதுக்குரிய பேரையே சொல்லிக் குடுத்துட்டேன், செல்லப்பேரு கிடையாது. என்ன நடந்துச்சுன்னு தெளிவா சொல்ல வார்த்த வேணும்ல. அப்புறம் ரகசியம் வேற சர்ப்ரைஸ் வேற. பிறந்தநாள் கிஃப்ட் மாதிரி கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சு எல்லாரும் சந்தோஷப்படப் போறது சர்ப்ரைஸ். அம்மாகிட்ட எப்பவுமே சொல்லாதன்னு ஒரு பெரியவங்க சொன்னா, அத உடனே அம்மாகிட்ட ஓடி வந்து சொல்லணும்.

அவளோட ஆறு வயசு எனக்கு ஏன் இவ்ளோ உறுத்துதுன்னா, 2017ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அஞ்சு ஆறு ஏழு வயசு குழந்தைங்கள வெச்சு பண்ணது. ரொம்ப ரொம்ப புத்திசாலியான ஒருத்தரப் பத்தி கத சொல்லிட்டு ஆம்பள பொம்பள படங்கள காட்டி இதுல யாரு அவங்கன்னு கேக்கறாங்க. அஞ்சு வயசுல பொண்ணுங்க பொம்பள படத்த காட்டுதுங்க, பசங்க ஆம்பள படத்த. ஆறு ஏழு வயசு வந்ததும் பொண்ணுங்க பொம்பள படத்த காட்டறது குறைஞ்சிடுது. ரொம்ப ரொம்ப புத்திசாலிங்களுக்கான விளையாட்டுன்னு சொன்னா அதுல ஆர்வமும் குறைஞ்சிடுது, அதே மாதிரி ஒரு விளையாட்ட ரொம்ப முயற்சி பண்றவங்களுக்கானதுன்னு சொன்னா அந்த வித்தியாசம் இல்ல. ஒரே ஒரு வருஷத்துல எவனோ ஒருத்தன் வந்து சொல்லிட்டா போறான், நாம எல்லாரும் சேந்து, சின்னச் சின்னதா, நாள் பூரா சொல்லிட்டே இருக்கோம்.

சரி அப்போ நீ ரொம்ப புத்திசாலின்னு தினமும் சொல்லிட்டே இருக்கலாமான்னா, அதுவும் இல்ல. 1998ல க்ளாடியா ம்யூல்லர், கேரல் ட்வெக்னு ரெண்டு பேரு பத்து பதினோரு வயசு குழந்தைங்ககிட்ட பண்ண ஆராய்ச்சியில, கொஞ்சம் புதிர் போட்டதும் சில பேர நீ புத்திசாலின்னு பாராட்டி இருக்காங்க, வேற சில பேர நல்லா முயற்சி பண்ணின்னு பாராட்டி இருக்காங்க. புத்திசாலின்னு பேர் வாங்கினதுங்க அடுத்து ஈசியானதையே தேடுச்சாம், பேரு போயிடக்கூடாதுல்ல. கஷ்டமான புதிர்ல தோத்ததும் துவண்டு போச்சாம், வாங்கின மார்க்க பொய்யா கூட்டிச் சொன்னதுலயும் அதுங்கதான் அதிகம். நான் அந்த மாதிரி வளந்த பொண்ணு. தெரியாதுன்னு சொல்லவே பயம். அதனால இவகிட்ட, "எந்த எடத்துல மாட்டிக்கிட்ட, அப்புறம் என்ன பண்ண?"ன்னு கேக்கறேன். அவ அந்த கதைய சொல்லும்போது முகம் எப்படி மாறுது தெரியுமா, சபாஷ்னு சொன்னா கூட அந்த வெளிச்சம் வராது.

மன்னிப்பு கேக்கறது நானும் புதுசா கத்துக்கற விஷயம். அமெரிக்காவுல எட் ட்ரோனிக்னு ஒரு உளவியல் அறிஞர் 1970கள்ல ஒரு பரிசோதன பண்ணாரு. அம்மா கைக்குழந்தையோட சிரிச்சு விளையாடிட்டு இருக்காங்க, திடீர்னு முகத்த கல்லு மாதிரி வெச்சுக்கறாங்க, எந்த உணர்ச்சியும் இல்லாம, ரெண்டு மூணு நிமிஷம். குழந்த சிரிச்சுப் பாக்கும், கைய நீட்டும், கத்தும், கடைசியில முகத்த திருப்பிக்கும். அந்த வீடியோவ பாத்துட்டு நான் அழுதுட்டேன், ஏன்னா ஃபோன பாக்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கு. ஆனா அதே ட்ரோனிக் சொன்னதுதான் எனக்கு தெம்பு. நல்லா இருக்கற அம்மாவும் குழந்தையும் கூட பாதி நேரத்துக்கு மேல ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்காமதான் இருப்பாங்களாம், விட்டுப் போன அந்த நூல திரும்ப எடுத்து கோக்கறதுலதான் குழந்தைக்கு நம்பிக்க வளருதாம். அதனால கத்திட்டேன்னா போய் உக்காந்து, "அம்மா கத்தினது தப்பு, உன் மேல தப்பு இல்ல"ன்னு சொல்றேன். ஆனா நீ அப்படி பண்ணதாலதான்னு ஒரு வால் சேத்து சொல்றதில்ல. அவ சில சமயம் பரவால்லன்னுவா, சில சமயம் இன்னும் கோவமா இருக்கேன்னுவா. ரெண்டாவது எனக்கு இப்போ ரொம்ப பிடிக்குது.

காசு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். உன் பேர்ல உனக்குன்னு ஒரு அக்கவுன்ட், உன் கையெழுத்துல ஓடற மாதிரி, எவ்ளோ நல்ல வீட்ல வாழ்ந்தாலும் இருக்கணும். பிரான்ஸ்ல கல்யாணமான பொண்ணு புருஷன் சம்மதம் இல்லாம பேங்க் அக்கவுன்ட் ஆரம்பிக்க 1965 வரைக்கும் காத்திருந்தாங்க. அது ரொம்ப பழைய கத இல்ல, எங்கம்மா காலம்தான்.

பிரான்ஸ்னதும் மேரி கியூரி ஞாபகம் வருது, இந்த வாரம் பூரா அவங்கதான் என் மனசுல இருக்காங்க. 1911ல அவங்களுக்கு ரெண்டாவது நோபல் பரிசு அறிவிச்ச நேரம், அவங்க சொந்த வாழ்க்கைய பத்தி பத்திரிகைங்க அசிங்க அசிங்கமா எழுதிட்டு இருந்துச்சு. நோபல் கமிட்டியில இருந்த அர்ரேனியஸ்னு விஞ்ஞானி, நீங்க பரிசு வாங்க நேர்ல வராம இருக்கறது நல்லதுன்னு லெட்டர் போடறாரு. எவ்ளோ மரியாதையா ஒதுங்கச் சொல்றாங்க பாருங்க. நானா இருந்தா என்ன எழுதியிருப்பேன்னு எனக்கு தெரியும். அவங்க எழுதினது, பரிசு ரேடியமும் பொலோனியமும் கண்டுபிடிச்சதுக்கு, என் வேலைக்கும் என் சொந்த வாழ்க்கைக்கும் சம்பந்தம் இல்லங்கற அர்த்தத்துல ஒரு பதில். எழுதிட்டு ஸ்டாக்ஹோம் கெளம்பிப் போனாங்க. போகும்போது பதினாலு வயசு பொண்ணு ஐரீனையும் கூட்டிட்டு போனாங்க.

அந்த பொண்ணு அங்க உக்காந்து பாத்திருக்கும்ல. ஊரே தூத்தற தன் அம்மா தலைய நிமித்தி மேடை ஏறினத. 1935ல அதே ஊர்ல ஐரீனும் நோபல் வாங்கினாங்க, அம்மா முந்தின வருஷம் தான் இறந்து போயிருந்தாங்க, பாக்க இல்ல. மேரி அந்த பொண்ணுகிட்ட என்னென்ன அறிவுரை சொன்னாங்களோ, ஆனா அந்த பயணத்துல கூட்டிட்டு போனது எல்லாத்துக்கும் மேலன்னு எனக்கு தோணுது.

எனக்கு மேடை எல்லாம் இல்ல. முந்தாநேத்து மீட்டிங்ல வழக்கம் போல நடுவுல பூந்தாங்க, வாய் வரைக்கும் பரவால்ல வந்துடுச்சு, முழுங்கிட்டு "நான் முடிச்சிடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க"ன்னேன். குரல் நடுங்குச்சு. வீட்ல இருந்து பேசற மீட்டிங்தான், பக்கத்துலயே இவ உக்காந்து வரைஞ்சுட்டு இருந்தா, பென்சில நிறுத்திட்டு ஒரு தடவ நிமிந்து என்ன பாத்தா. ஒண்ணும் கேக்கல, திரும்ப குனிஞ்சு வரைய ஆரம்பிச்சுட்டா.

இத எழுதிட்டு இருக்கும்போது நடுவுல போய் அம்மாவுக்கு ஒரு முத்தம் தாயேன்னு கேட்டேன். உடைஞ்ச அந்த நீலத்துல பாதிய வெச்சு ஒரு பறவைக்கு கலர் அடிச்சுட்டு இருந்தா, தலைய தூக்காமலே "இப்ப வேணாம்மா, எறக்க முடிச்சுட்டு"ன்னா. சரின்னு பக்கத்துல உக்காந்துதான் இதோட மிச்சத்த எழுதினேன். ஒரு எறக்க முடிஞ்சுடுச்சு, இன்னொண்ணு பாக்கி இருக்கு.