ஆழ்வானின் எழுத்தாணி நின்ற இடம்

அவதார நாளான சித்திரைத் திருவாதிரை நெருங்கினால் எம்பெருமானார் என்று போற்றப்படும் இராமானுசரின் திருவுருவப் படமும், திருக்கோட்டியூரில் அவர் உயர ஏறி நின்று ஊருக்கெல்லாம் மந்திரப் பொருளைச் சொன்ன வரலாறும் எங்கும் பகிரப்படுகின்றன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்து, 120 ஆண்டுகள் வாழ்ந்து, 1137-இல் திருவரங்கத்தில் பரமபதம் அடைந்தார் என்று நம் மரபு போற்றும் ஆசார்யரை, ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்பும் சிறு பிள்ளைகள் வரை பெயர் சொல்லிக் கொண்டாடுவது எளிய பேறு அன்று. ஆனால் நாம் அவரிடம் செலுத்தும் பக்தி எப்படிப்பட்டதாக மாறிவருகிறது என்பதில் எனக்கு நெடுநாளைய வருத்தம் ஒன்று உண்டு. அவர் தம் ஆசார்யர்களிடம் எப்படிப் பாடம் கேட்டார், தம் சீடர்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பவற்றை நாம் அநேகமாகப் பேசுவதே இல்லை. வாய் திறவாமல் இருப்பதுதான் ஆசார்ய பக்தி என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றிவிட்டது. ஆசார்யர்களின் வரலாற்றைச் சொல்லும் குருபரம்பரை நூல்களைப் படிக்கும்போது, இந்த எண்ணத்துக்கு அங்கே ஆதாரம் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

எல்லோரும் அறிந்த திருக்கோட்டியூர் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டு முறை நடந்து சென்று பெற்ற பொருளை, யாருக்கும் சொல்லாதீர் என்ற தம் ஆசார்யர் திருக்கோட்டியூர் நம்பியின் ஆணையை மீறி, ஆசையுடையோர்க்கெல்லாம் உடையவர் (இராமானுசரை நாம் அழைக்கும் இன்னொரு பெயர் இது) சொல்லிவிட்டார். நாம் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பின்னர் நடந்ததுதான் என் மனத்தைத் தொடும் பகுதி. கோபத்தோடு அழைத்துக் கேட்ட நம்பியிடம், ஆணையை மீறிய நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் உய்வார்களே என்று சீடர் சொன்னார். அதைக் கேட்ட அந்த முதியவர் தம் கோபத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இந்த இரக்கம் நமக்கு வாய்க்கவில்லையே என்று நெகிழ்ந்து, 'எம்பெருமானார்' என்று அழைத்து அணைத்துக்கொண்டார். சீடன் தம்மைக் கடந்து நிற்கிறான் என்று எல்லோரும் அறிய ஒப்புக்கொள்ள, ஆசார்ய பீடத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

இதைவிட நுட்பமான நிகழ்ச்சி ஒன்று திருவரங்கத்தில் நடந்தது. உடையவருக்கு நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழியின் பொருளைச் சொல்லும் பொறுப்பு, முந்தைய தலைமுறையின் பெரும் ஆசார்யரான ஆளவந்தாரின் சீடர்களில் ஒருவரான திருமலையாண்டானுக்கு இருந்தது. பாடம் இரண்டாம் பத்தில், 'அறியாக் காலத்துள்ளே அடிமைக்கண் அன்புசெய்வித்து' என்ற பாசுரத்துக்கு வந்தது. ஒன்றும் அறியாத பருவத்தில் உன்னிடம் அன்பை உண்டாக்கிவிட்டு, பிறகு என்னை இந்த உடலிலும் உலக மாயையிலும் வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் முறையிடுவதாக ஆண்டான் பொருள் சொன்னார். உடையவர் அதை ஏற்கவில்லை. இதற்கு முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எல்லாம் எம்பெருமான் செய்த உதவியை நினைந்து உருகுபவையாக இருக்க, நடுவில் இந்த ஒன்று மட்டும் முறையீடாக இருப்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். மாயையில் கிடந்த என்னிடம், ஒன்றும் அறியாத அந்தக் காலத்திலேயே அன்பை விளைத்தாயே என்று சொற்களைக் கூட்டிப் பொருள் கொண்டால், பாசுரம் மற்றவற்றோடு இணைந்துவிடும் என்றார்.

ஆண்டானுக்கு மனம் புண்பட்டது. ஆளவந்தாரிடம் தாம் கேட்டறியாத பொருள் என்பதால், இது விசுவாமித்திர சிருஷ்டி, அதாவது மரபில் இல்லாத புதுப் படைப்பு என்று சொல்லிப் பாடத்தையே நிறுத்திவிட்டார். செய்தி அறிந்து திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கத்துக்குப் புறப்பட்டு வந்தார். இரு தரப்பையும் கேட்டு, உடையவர் சொன்ன பொருளை ஆளவந்தார் சொல்லத் தாமே கேட்டிருப்பதாகத் தெரிவித்தார். எல்லாம் அறிந்த கண்ணன் சாந்தீபனி முனிவரிடம் பாடம் கேட்டது போன்றது இது என்று எடுத்துச்சொல்லி, நின்ற பாடத்தை மறுபடியும் தொடங்கிவைத்தார்.

இந்த நிகழ்ச்சியில் யாருமே குற்றவாளி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாம் கேட்ட பொருளைக் கூட்டாமல் குறைக்காமல் காக்க வேண்டும் என்பதில் ஆண்டானுக்கு இருந்த கவலை உண்மையான பக்தி. பாசுரத்தின் போக்குக்கு ஒவ்வாததை ஒவ்வாது என்று சொன்ன உடையவருடையதும் உண்மையான பக்தி. இரண்டும் மோதிய இடத்தை மறைக்காமல் எழுதிவைத்த நம் முன்னோர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எல்லாம் இணக்கமாகவே நடந்தது என்று எழுதிவிடுவது அவர்களுக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

அடுத்து, பிரம்ம சூத்திரத்துக்கு உடையவர் செய்த உரையான ஸ்ரீபாஷ்யம் எழுதப்பட்ட காலத்து நிகழ்ச்சி. உடையவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர் அவர் சீடர் கூரத்தாழ்வான். தாம் சொல்வது உமக்கு ஒப்பாத இடத்தில் எழுதாமல் நிறுத்தும் என்று உடையவரே அவருக்குச் சொல்லியிருந்தார். உலகத்துக்கே வேதாந்தப் பொருளை நிலைநாட்டப் போகிற நூலை உருவாக்குகிறவர், எழுத்துப் பணிக்கு உட்கார்ந்தவரிடம் கொடுத்த உரிமை இது. ஆன்மாவின் இயல்பைச் சொல்லும் இடம் வந்தது. அறிவுடைமையையே அதன் இலக்கணமாகச் சொல்லிக்கொண்டு போனார் உடையவர். ஆழ்வானின் எழுத்தாணி நின்றுவிட்டது. இறைவனுக்கு உரியதாய் இருத்தல் என்பதைச் சொல்லாமல் ஆன்மாவின் இயல்பைச் சொன்னால் அது நிறைவாகாது என்பது அவர் கருத்து. உடையவருக்குச் சினம் மூண்டது. நீரே பாஷ்யம் செய்துகொள்ளும் என்று சொல்லி, அவரைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து போனார் என்றே நூல்கள் சொல்கின்றன. அருகில் இருந்தவர்கள், இப்போது என்ன செய்வதாக உத்தேசம் என்று ஆழ்வானைக் கேட்டார்கள். நான் அவருடைய உடைமை, உடையவன் தன் உடைமையை என்ன செய்தாலும் தகும் என்பது ஆழ்வான் சொன்னதன் சாரம். ஆனால் அந்தப் பணிவு, ஒப்பாத வரியை எழுதுவது வரை அவரைக் கொண்டுபோகவில்லை. பின்னர் உடையவர் தனித்திருந்து எண்ணிப் பார்த்து, ஆழ்வான் நிறுத்தியது சரியே என்று கண்டு, திரும்பி வந்து அவ்வாறே சொல்ல, எழுத்து தொடர்ந்தது.

கால் பட்ட பிறகும் அடிமை என்று சொல்லிக்கொண்டவரும், ஒப்பாததை எழுத மறுத்தவரும் ஒரே மனிதர். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் கூரத்தாழ்வான் இல்லை.

சில காலத்துக்கு முன் நூல்களுக்குப் பொருள் சொல்லும் காலட்சேப கோஷ்டி ஒன்றில் அமர்ந்திருந்தேன். உடையவரின் சீடரான வடுக நம்பியின் வரலாறு வந்தது. உடையவருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாள் வீதியில் எழுந்தருள, வந்து சேவிக்கும்படி உடையவர் அழைக்கிறார். உங்கள் பெருமாளைச் சேவிக்க வந்தால் எங்கள் பெருமாளுக்கு உரிய பால் பொங்கிப் போய்விடும் என்று சொல்லி அடுப்பை விட்டு அகலாமல் இருந்தவர் அவர். கேட்டுக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி எழுந்து, ஆசார்யரே வந்து சேவி என்று சொன்ன பிறகு வராமல் இருந்தது அவர் சொல்லை மீறியதாகாதா என்று மிகவும் தயக்கத்தோடு கேட்டாள். நல்ல கேள்வி. அந்த நிகழ்ச்சியின் உயிரே அந்த முரணில்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர்களின் அனுஷ்டானத்தைக் கேள்வி கேட்பது அபசாரம் என்று ஒரே வரியில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெண் அதன் பிறகு அந்த கோஷ்டிக்கு வரவில்லை. ஆசார்ய பக்தியைக் காப்பாற்றுவதாக நினைத்து, பாடத்தைக் காதால் கேட்டு மனத்தால் அசைபோட்ட ஒரே ஆளை நாம் வெளியே அனுப்பிவிட்டோம் என்று எனக்கு அன்று மனம் கனத்தது.

கீதையின் நான்காம் அத்தியாயத்தில், ஞானத்தைப் பெரியோரிடம் பெறும் வழியைக் கண்ணன் சொல்லும்போது, பணிதல், நன்கு கேட்டு விசாரித்தல், தொண்டு செய்தல் ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்கிறான். அந்தக் கீதைக்கு பாஷ்யம் செய்தவர் எம்பெருமானார். முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதைக் கழித்துவிட நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கேட்பதால் ஆசார்யனின் பெருமை வெளிப்படுமே தவிரக் குறையாது என்பதற்கு மாறனேரி நம்பியின் வரலாறே சான்று. ஆளவந்தாரின் சீடரான அவர், ஊரார் தாழ்ந்ததென்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பி தம் கையாலேயே இறுதிக் கடன்களைச் செய்தார். திருவரங்கத்தார் அவரை ஒதுக்கினார்கள். தமக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சை செய்துவைத்த அந்த ஆசார்யரிடம் சென்று, வேறு யாரையாவது கொண்டு இதைச் செய்வித்திருக்கலாகாதா என்று உடையவர் கேட்டார். ஜடாயுவுக்குக் கடன் செய்த இராமபிரானைவிட நான் உயர்ந்தவனா, ஜடாயுவைவிட இவர் தாழ்ந்தவரா என்று பெரிய நம்பி திருப்பிக் கேட்டார். அடியார் பெருமையை ஆழ்வார் பாடிய பாசுரங்கள் வெறும் கடல் ஓசையா என்றும் கேட்டார். உடையவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்த விடை பெரிய நம்பியின் மனத்துக்குள்ளேயே இருந்திருக்கும். சமத்துவம் கண்ட மகான் என்று இன்று நாம் எழுதுகிறோமே, அதன் பின்னால் இப்படி ஒரு கேள்வியும், ஊர் விலக்கை ஏற்றுக்கொண்ட ஒரு முதியவரும் இருக்கிறார்கள். ஹைதராபாத் அருகே உள்ள உடையவரின் 216 அடி உயரச் சிலையைப் பார்த்து வியப்பவர்கள் மாறனேரி நம்பியின் பெயரையும் தெரிந்துகொண்டு திரும்பினால் எனக்கு இன்னும் நிறைவாக இருக்கும்.

வடுக நம்பியைப் போல் ஆசார்யனைத் தவிர வேறு தெய்வம் அறியாமல் இருப்பதைத்தானே மரபு உச்சமாகக் கொண்டாடுகிறது என்று கேட்கலாம். உண்மை. நம்மாழ்வாரை அன்றித் 'தேவு மற்றறியேன்' என்று பாடிய மதுரகவிகளின் வழி அது. அந்த நிலையை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் வடுக நம்பி தம் ஈடுபாட்டின் சுமையைத் தாமே சுமந்தார். கேட்கிறவன் வாயை அடைக்க அதை அவர் பயன்படுத்தவில்லை. இன்று நடப்பது வேறு. தம் ஆசார்யரை உயர்த்துவதற்காக இன்னொரு மடத்தாரையும், வடகலை, தென்கலை என்று இன்னொரு கலையாரையும், இன்னொரு மரபின் மகான்களையும் இழித்துப் பேசுகிறார்கள். எந்த நூலிலும் இல்லாத அற்புதங்களை உடையவர் பெயரில் பரப்புகிறார்கள். இது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், அவரைப் பக்தி இல்லாதவர் என்று முத்திரை குத்துகிறார்கள். ஒன்பது நூல்களை அருளிய ஒருவருக்கு நாம் கட்டிவிட்ட கதைகளால் என்ன பெருமை சேரப்போகிறது?

கேட்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எழுத்தாணியை நிறுத்திய அதே ஆழ்வான்தான், சோழ அரசனின் சபைக்கு உடையவரின் காஷாயத்தை உடுத்துக்கொண்டு அவருக்குப் பதிலாகப் போய்க் கண்களை இழந்தார். பல ஆண்டுகள் கழித்துக் காஞ்சி வரதனிடம் கண்ணை வேண்டும்படி உடையவர் சொன்னபோது, தம் கண் போகக் காரணமாக இருந்த நாலூரானும் தாம் பெறும் பேற்றைப் பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அங்கேயும் அவர் ஆசார்யர் சொன்னதை அப்படியே செய்யவில்லை. ஆனால் அவர் வாழ்வில் இராமானுசரின் போதனை எங்காவது முழுமையாக நிகழ்ந்ததென்றால் அது அந்த வரதன் சந்நிதியில்தான் என்று நான் நம்புகிறேன். கேள்வியும் அன்பும் ஒருவரிடம் இவ்வளவு தூரம் சேர்ந்து வளரக்கூடும் என்று காட்டிய சம்பிரதாயம் நம்முடையது.

இந்தத் திருவாதிரைக்கு உபந்யாசம் செய்யப்போகும் பெரியவர்களிடம் அடியேனுக்கு ஒரு விண்ணப்பம். திருக்கோட்டியூர் வரலாற்றோடு, ஆண்டான் பாடத்தை நிறுத்தியதையும் ஆழ்வான் எழுத்தை நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைகளில் யாராவது எழுந்து ஐயம் கேட்டால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். உடனே விடை தோன்றாவிட்டால், தெரிந்தவர்களிடம் கேட்டு வந்து அடுத்த முறை சொல்கிறேன் என்று சொல்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பாசுரத்தின் பொருளில் எழுந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காக நம்பி அந்த வயதில் திருக்கோட்டியூரிலிருந்து திருவரங்கம் வரை வந்தாரே.