பண்பாடு மட்டும் போதுமா?

உழைப்பையும் படிப்பையும் மதிக்கும் பண்பாடு இருந்தால் வளர்ச்சி தானே வரும், அதற்குக் குமரி மாவட்டமே சாட்சி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்ட எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் அன்று எங்கள் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சாதி வழக்கம் பலரைப் பள்ளிக்கூட வாசலுக்கே விடவில்லையே! பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம், சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர், கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் என்று அந்த வழக்கத்தோடு மோதித்தான் இங்கே படிப்பு பரவியது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், எங்கள் மாவட்டத்து மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் தேன் எடுப்பது பழைய வழக்கம்தான். அது தொழிலானது, 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பு பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த பிறகு. ரப்பர் தோட்டங்கள் இன்னொரு காரணம். ரப்பர் மரம் தளிர்விடும் மாதங்களில் பூவை விட இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பில்தான் தேனீக்களுக்கு வேட்டை. விற்கக் கூட்டுறவுச் சங்கமும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தேனீக்களுக்கு வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலி செய்தது. அப்போதும் இதே உழைப்பாளிகள்தான் இருந்தார்கள், வருமானம்தான் இல்லை. 2023இல் இந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்ட அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் வேலை தேடி வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போகும் எங்கள் பிள்ளைகளிடம் எந்தப் பண்பாடு குறைந்துவிட்டது? கட்டுரையாளர் அதையும் எழுதட்டும்.