கடைசி பெஞ்சில் ஓர் இடம்

எங்கள் பள்ளிக்கு மறுபடியும் பி.எட். பயிற்சி மாணவர்கள் வந்துவிட்டார்கள். இந்த முறை ஆறு பேர். ரெக்கார்டு நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு எச்.எம். அறை வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் ஸ்டாஃப் ரூமில் சொன்ன முதல் வார்த்தை: "அப்பாடா, இனி நாலு மாசத்துக்கு சப்ஸ்டிடியூஷன் தொல்லை இல்ல." லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பை வேறொருவர் போய்ப் பார்த்துக்கொள்வதுதான் சப்ஸ்டிடியூஷன்; இனி அதை இவர்கள் தலையில் கட்டிவிடலாம் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். முன்பு பி.எட். ஒரு வருடப் படிப்பு. ஆசிரியர் கல்வியைப் பற்றி நீதிபதி வர்மா தலைமையிலான குழு 2012-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் விதிகளை மாற்றி அதை இரண்டு வருடமாக்கியது. அந்த விதிப்படி ஒரு பயிற்சி ஆசிரியர் முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் வருடக் கணக்கைத்தான் எங்கள் பக்கம் 'எண்பது நாள்' என்பார்கள். அந்த எண்பது நாளும் அவரைப் பார்த்துக்கொள்ள அதே பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு. கைடு டீச்சர். அதாவது என்னைப் போன்றவர்கள்.

நான் படித்தபோது நாற்பது நாள்தான். என் கைடு முதல் நாளே "ஏழாம் வகுப்பு பி செக்‌ஷன், போம்மா" என்று கையில் சாக்பீஸைக் கொடுத்தார். நாற்பது நாளில் ஒரு நாள்கூட வகுப்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கடைசி நாள் எல்லா லெசன் பிளானிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்களுக்கு அவர்மேல் மரியாதைதான். தொந்தரவு செய்யாத நல்ல கைடு என்று பேசிக்கொண்டோம். அப்புறம் நான் வேலைக்கு வந்து, எனக்கும் பயிற்சி மாணவர்களை ஒதுக்க ஆரம்பித்தபோது, பத்து வருடத்துக்கு மேல் நானும் அதே மாதிரி நல்ல கைடாகத்தான் இருந்தேன்.

மாறியது ஞானத்தால் அல்ல. மூன்று வருடத்துக்கு முன்பு ஸ்டாஃப் ரூமுக்கு வெள்ளையடித்தார்கள். உட்கார இடமில்லை. திருத்த வேண்டிய பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே என் பொறுப்பில் இருந்த பெண் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அன்று நான் ஒரு பேப்பர்கூடத் திருத்தவில்லை.

முதலில் கண்ணில் பட்டது கரும்பலகை. அங்கிருந்து பார்த்தால் அதன் கீழ்ப்பகுதி தெரியவே இல்லை. முன்னால் இருக்கும் தலைகள் மறைக்கின்றன. வலது மூலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து பளபளக்கிறது, எழுத்து மட்டும் இல்லை. அதே வகுப்பறையில் எத்தனை வருடம் நான் போர்டின் அடிவரை கணக்குப் போட்டு, "ஏன்டா எழுதல?" என்று இதே கடைசி பெஞ்சைத் திட்டியிருக்கிறேன்!

அடுத்தது அந்தக் கேள்வி. "புரிஞ்சுதா?" வகுப்பே ஒரே குரலில், "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்." என் பக்கத்தில் இருந்தவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். அவன் நோட்டை எட்டிப் பார்த்தேன். தேதி இருந்தது. தலைப்பு இருந்தது. தலைப்புக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்தப் பெண் திருப்தியாகப் போர்டை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? நானும் அந்தக் கோரஸை நம்பித்தானே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன்.

சரி, பார்த்தாயிற்று, இனி சொல்ல வேண்டுமே. அங்கேதான் பெரிய தப்புச் செய்தேன். அன்று மதியம் மற்ற ஆசிரியர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வராந்தாவில், அவர் செய்த பிழைகள் என்று பதினோரு விஷயத்தை வரிசையாகச் சொன்னேன். எழுத்து சாய்கிறது, குரல் போதாது, முதல் வரிசையை மட்டும் பார்க்கிறாய், இப்படி. எல்லாமே சரிதான். அவர் "சரிங்க மேம், சரிங்க மேம்" என்று பதினோரு தடவை தலையாட்டினார். மறுநாள் வரவில்லை. காய்ச்சல் என்று தகவல். என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்று. அதையும் தனியாக, வேப்பமரத்தடியில். அதற்கு முன்னால் அவர் பேசட்டும் என்று, "இன்னைக்கு எந்த இடத்துல கிளாஸ் கையவிட்டுப் போச்சும்மா?" என்று மட்டும் கேட்பேன். பாதி நாள் அவரே சரியாகச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, வகுப்பு நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. இது சொல்வதற்கு எளிது. இத்தனை வருடம் பேசியே பிழைத்த வாய்க்குப் பெரிய தண்டனை. ஒரு நாள் அவசரத்தில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று போர்டில் எழுதிவிட்டார். நான் எழுந்து "டீச்சர், ஐம்பத்தாறு" என்றேன். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவர் என்ன எழுதினாலும் பிள்ளைகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். இவர் சொல்வது சரியா மிஸ் என்ற பார்வை. அடுத்த முறை இப்படி நடந்தபோது பக்கத்தில் இருந்தவன் காதில், "நீ எந்திரிச்சு கேளுடா" என்றேன். அவன் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே திருத்தி, அவனுக்குக் கை தட்டச் சொன்னார். பிள்ளைகள் யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

கவனித்திருப்பீர்கள், 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டேன். மரத்தடியில் அவர் எனக்கு 'ம்மா', 'நீ'. என் மகளைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஆனால் பிள்ளைகள் காதில் விழும் தூரத்தில் அவர் 'டீச்சர்', 'நீங்க'. நாம் "ஏம்மா, இங்க வா, அந்த டஸ்டர எடு" என்று ஒரு தடவை சொன்னால் போதும், பத்தாம் வகுப்புப் பையன்கள் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் எண்பது நாளும் அந்த அக்காதான்.

பின்னம் நடத்திய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் 2/5 என்பார்கள். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. அந்தப் பெண் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) வழியை மூன்று முறை போட்டுக் காட்டினார். மூன்று முறையும் கோரஸ் வந்தது. நான்காவது கணக்கைத் தனியாகப் போடச் சொன்னால் மறுபடி மேலே மேலே, கீழே கீழே.

அன்றைய வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் தூங்கி விழுந்தான். அவர் அவனை எழுப்பி நிற்க வைத்தார். மரத்தடியில் நான் கேட்டது கணக்கைப் பற்றி அல்ல, அவனைப் பற்றி. எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகைத் தோட்டம் அதிகம். விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் அதில் ஒருவன். இது எந்த உளவியல் ரெக்கார்டிலும் வராது. கைடு சொன்னால்தான் தெரியும்.

மறுநாள் அவர் தாமாகவே பூவை உதாரணமாகப் பிடித்துக்கொண்டார். "அரைக் கிலோவும் கால் கிலோவும் எவ்வளவு?" அந்தத் தூங்குமூஞ்சி நிமிர்ந்து, "முக்கால் கிலோ மிஸ்." யோசிக்கவே இல்லை. எனக்குப் பின் பெஞ்சில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் சந்தோஷம் இரண்டு நிமிடம்தான். மூன்றில் ஒரு கிலோ பூவை யார் எடை போடுகிறார்கள்? அவர் மாட்டிக்கொண்டார். சொல்லப்போனால் நானும் மாட்டிக்கொண்டேன். மரத்தடியில் ரெண்டு பேரும் பேப்பரை மூன்றாக மடித்து மடித்துப் பார்த்தோம், கோணல் கோணலாக வந்தது. நானே உடனே ஒரு வழி சொல்லிவிடுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். "எனக்கும் தெரியலம்மா" என்றேன். அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே!

கடிகாரம் அவர் யோசனைதான். அரை மணி நேரம் முப்பது நிமிடம். ஒரு மணியில் மூன்றில் ஒன்று இருபது நிமிடம். மொத்தம் ஐம்பது. சரி, நீங்க சொல்ற 2/5 மணி எத்தனை நிமிஷம்? பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். இருபத்துநாலு. வகுப்பு அமைதியாகிவிட்டது. முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், "மிஸ், அரை மணியோட இன்னும் சேர்த்தா எப்படி மிஸ் கொறையும்?" என்றாள். அந்தக் கேள்வி பிள்ளையிடமிருந்து வருவதற்குத்தானே இவ்வளவு பாடும்.

அந்த அமைதியைப் பற்றியும் ஒரு விஷயம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். நாங்கள் இதை பி.எட்.டில் மனப்பாடம் செய்யவில்லை. 'வினாத் திறன்' என்று நுண்ணிலைக் கற்பித்தலில் சக மாணவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் நடித்துக் காட்டினோம். எதிரில் இருந்தவர்களுக்கு விடை முன்பே தெரியும், பிறகு எங்கே காத்திருப்பது? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்து எண்ணினேன். அவருக்கு ஒரு விநாடி. அடுத்த வாரம் என் வகுப்பில் அவரை எண்ணச் சொன்னேன். எனக்கு அதுகூட வரவில்லை.

ஆமாம், அவரை என் வகுப்பில் உட்கார வைத்தேன். நன்றாக நடத்தும் வகுப்பில் மட்டும் அல்ல, மதியம் கடைசி பீரியட் எட்டாம் வகுப்பிலும். அங்கே நான் கத்துவதையும், திட்டம் போட்டதில் பாதிகூட முடிக்காமல் மணியடிப்பதையும் பார்த்தார். சார்ட்டும் தெர்மாகோலும் ஒட்டிய மாதிரி வகுப்பையே பார்த்துப் படித்தவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

இதைப் படிக்கும் சக ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். நேரம் எங்கே மேடம்? நியாயம்தான். எனக்கு வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட். அதற்கு மேல் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, பயிற்சிக் கூட்டம், அந்தக் கணக்கு, இந்தக் கணக்கு. ஒரு பயிற்சி ஆசிரியரை ஒழுங்காகக் கவனிக்க வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். அதற்காக எனக்கு ஒரு பீரியட்கூடக் குறைத்துக் கொடுத்ததில்லை. பயிற்சிக்கு அனுமதி ஆர்டர் வருகிறது, எத்தனை நாள் என்று இருக்கிறது, எத்தனை ரெக்கார்டு என்று இருக்கிறது. கைடு என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வாரம் இரண்டு பீரியட் குறைத்து, "இந்த நேரம் வகுப்பில் உட்காருவதற்கு" என்று கால அட்டவணையிலேயே எழுதிக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இதற்குக் கோடிகள் வேண்டாம்.

2020 தேசியக் கல்விக் கொள்கையில் முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். என்று இருக்கிறது. ஒன்றா இரண்டா என்று நிறையப் பேர் விவாதிக்கிறார்கள். பின்னால் யாரும் உட்காரவில்லை என்றால் இரண்டு வருடத்தில் என்ன கூடப்போகிறது? சார்ட்டின் எண்ணிக்கை கூடும்.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண் இப்போது ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார். 150 கேள்வி, 150 மதிப்பெண், எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதில் தேறினால் அரசு வேலைக்கு இன்னொரு நியமனத் தேர்வு. இந்த இரண்டிலும் அவர் ஒரு கரும்பலகை முன்னால் நிற்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. பி.எட். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து ஒருவர் வந்து சிறிது நேரம் பார்த்தார். மற்றபடி அவர் பாடம் நடத்துவதை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வாய்த்த காலம் அந்த எண்பது நாள்தான். அதில் நான் உள்ளே இருந்தது இருபத்தைந்து நாள் இருக்கலாம். வெள்ளையடிக்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

இப்போது வந்திருக்கும் ஆறு பேரில் கணக்குக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் எனக்குத்தான். அதில் ஒரு தம்பி, போர்டைப் பார்த்தே பேசுகிறார், பிள்ளைகள் பக்கம் திரும்புவதே இல்லை. போகப்போகச் சரியாகும். நாளை காலை சப்ஸ்டிடியூஷன் நோட்டு சுற்றில் வரும். இவர்கள் பெயரை அதில் எழுத வேண்டாம் என்று இன்று சாயங்காலமே எச்.எம்.மிடம் போய்ச் சொன்னேன். "பார்க்கலாம் டீச்சர்" என்றார். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன.